பூட்டில்லாத பண்ணை வீடு

"இங்கே எந்தக் கதவுக்கும் பூட்டு இல்லை" என்று பண்ணைக்காரம்மா சொன்னபோது அவருடைய குரலில் பெருமை இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் பழைய வீடு அது. அவருடைய கணவரின் முன்னோர் செம்மறி வளர்க்க வந்த காலத்தில் கட்டியது. இப்போது செம்மறிகளைக் குறைத்துவிட்டு, மேல்மாடியில் விருந்தினருக்கு அறைகளும் அவர்கள் ஏறிப் போகக் குதிரைகளும் வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதற்கு அப்பால் தேசியப் பூங்காவின் காடு, காட்டுக்கு மேலே உச்சியில் பனி ஒட்டியிருந்த எரிமலை. படத்தில் பார்த்ததைவிட நன்றாகத்தான் இருந்தது. நான் மலையைப் பார்க்கவில்லை. அறைக் கதவின் உட்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு காலத்தில் கொண்டி இருந்த இடத்தில் ஆணித்துளைகள் தெரிந்தன. மேலே வெள்ளைப் பெயின்ற் பூசியிருந்தார்கள்.

பூட்டே இல்லாத வீடு வேறு, இருந்த பூட்டைக் கழற்றிய வீடு வேறு. ஏன் கழற்றினார்கள்?

இத்தனைக்கும் ஒக்லாந்தில், கிளென் ஈடனில், எங்கள் வீட்டுக் குளியலறைக் கொண்டியை நாங்களே கழற்றி வைத்திருக்கிறோம். அது வைத்தியர் சொல்லிச் செய்தது. மகள் உள்ளே விழுந்துவிட்டால் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது அல்லவா?

மகளுக்கு வலிப்பு வருகிறது. முதல் தடவை வந்தது த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில். நான் காசு கட்டும் வரிசையில் நின்றேன். பின்னால் ஏதோ கொட்டுண்ட சத்தம் கேட்டது. யாரோ அரிசி மூட்டையைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். தரையில் கிடந்தது என்னுடைய பிள்ளை. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் யாராவது கதிரையை இழுத்தாலும் எழும்பி ஓடுகிறேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். இப்போது சில மாதங்களாக ஒன்றும் இல்லை.

வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. விரதம் இருந்து மயங்கிப்போனாள் என்று கோயிலில் சொன்னோம். சொந்தக்காரருக்கும் அதையேதான் சொன்னோம். பெண்பிள்ளை, பதினாறு வயது. இன்றைக்கு ஒருவர் காதில் போட்டால் பத்து வருடம் கழித்துக் கலியாணப் பேச்சு வரும்போது அந்தக் காதிலிருந்து வெளியே வரும். ஒக்லாந்தில் தமிழ்ச்சனம் அவ்வளவு பெரிய கூட்டமில்லை.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். குதிரை ஏறவேண்டும் என்றாள். கைத்தொலைபேசி கேட்பாள் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது இடியாக விழுந்தது. வைத்தியரிடம் கேட்டால் அவர் மறுத்துவிடுவார், பிறகு பழியை அவர்மேல் போடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அவரோ சம்மதித்துவிட்டார். தலைக்கவசம் போடவேண்டும், கூடப் போகும் ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அந்த அவ்வளவுதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. பண்ணைக்குத் தொலைபேசியில் பேசி இடம் பிடித்தபோது, உங்களைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று பண்ணைக்காரம்மா கேட்டார். கணவர் எதிரில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்கள் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவோம்" என்றேன்.

நேரில் போய்ச் சொல்லுவோம், ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்லுவோம் என்று வழியெல்லாம் கதைத்துக்கொண்டு வந்தோம். ஆளைப் பார்த்தோம். அறுபதைத் தாண்டியவர், கட்டை மயிர், கைகள் மரப்பட்டை மாதிரி. எங்கள் பைகளைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். ஏன் இவ்வளவு அன்பு என்று எனக்கு இருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறக்கும் நேரம் வரவேற்பறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, தமிழா?"

ஒக்லாந்தின் பாபடோயிட்டோயிலிருந்து வந்த இளம் தம்பதி. தமிழ்நாட்டுக்காரர். அந்தக் கணவருக்குக் கணினி வேலை. அந்தப் பெண், நான் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் எங்கள் ஊர், தெரு, மகளின் பள்ளிக்கூடம் மூன்றையும் வாங்கிவிட்டாள். பண்ணைக்காரம்மாவிடம் சொல்ல நினைத்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். ஒரே சாப்பாட்டு மேசை, பூட்டில்லாத கதவுகள், அதற்குள் ஒரு தமிழ் ஆள். இனி இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் சுவருக்குச் சொன்னது மாதிரி இருக்காது.

அன்று பின்னேரம் புல்வெளியில், வேலிக்குள்ளேயே, மகளைக் குதிரையில் ஏற்றினார்கள். சாம்பல் நிறக் கிழட்டுக் குதிரை. நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்துக் கனகாலம். ஆனால் என் கண் அவளில் நிற்கவில்லை, பண்ணைக்காரம்மாவில் நின்றது. அவர் மகளை விட்டுப் பார்வையை எடுக்கவேயில்லை. பாபடோயிட்டோய்க்காரர் இருவரும் குதிரையில் ஏறிப் போனபோது அவர் வேலியில் சாய்ந்து நின்றாரே. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் கூடவே நடக்கிறார்? ஏன் கிழட்டுக் குதிரை? யாராவது சொல்லிவிட்டார்களா?

மகள் இறங்கியதும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நீ அவவிட்டை ஏதும் சொன்னனியா?"

"எதை?"

"எதை எண்டு உனக்குத் தெரியும்."

"நோ, அம்மா." குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். தான் சொல்லவில்லை, ஆனால் நாளை காலை மலைமுகட்டுப் பாதையில் நீண்ட சவாரி இருக்கிறது, அதற்கு முன்னால் நாங்கள் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவாளாம்.

"சொல்லலாம், சொல்லலாம். மெல்லக் கதை" என்றேன். பாபடோயிட்டோய்ப் பெண் பக்கத்துக் குதிரைக்குக் கரட் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

இரவுச் சாப்பாட்டில் மகள் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.

"என்ன மாத்திரைக்கா அது, பாப்பாக்கு?"

"விற்றமின்."

"வைட்டமின் டியா? இங்க எல்லாருக்குமே கம்மிதான். எங்க வீட்டுக்காரருக்கு எலும்பே மாவாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார்."

"அப்பிடிச் சொல்லல" என்றார் அவளுடைய கணவர், உருளைக்கிழங்கிலிருந்து தலையை எடுக்காமல்.

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அவள் அந்த மாத்திரையின் நிறத்தை ஞாபகம் வைத்திருப்பாள் என்று எனக்குள் ஒன்று சொன்னது.

மறுநாள் காலைச் சாப்பாட்டு நேரம் பண்ணைக்காரம்மா தேநீர்க் கேத்தலை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார். மாடி நடையில் ஆணியில் தொங்கிய பழைய சாவியைக் காணவில்லை, யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைத்துவிட்டீர்களா என்று கேட்டார். செம்மறிகளுக்கு மயிர் கத்தரித்த கம்பளிக் கொட்டிலின் சாவியாம். உள்ளங்கை நீளம், சுத்த இரும்பு. இந்த வீட்டில் மிஞ்சிய ஒரே சாவி. அதன் பூட்டு எப்போதோ போய்விட்டது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மேசையின் மற்றப் பக்கத்தில் காட்டில் நடக்க வந்த இரண்டு வெள்ளைக்கார முதியவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி அவருடைய பார்வை எங்கள் பக்கம் வந்து நின்றது போல எனக்குப் பட்டது.

"நம்மளைத்தான் சந்தேகப்படுறாங்கக்கா" என்றாள் பாபடோயிட்டோய்ப் பெண், பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே.

நான் அவளைச் சந்தேகப்பட்டேன். முந்தினநாள் அவள் அந்தச் சாவியைக் கன்னத்தோடு வைத்துப் படம் எடுத்ததை நான் கண்டிருந்தேன். என் கணவரிடம் கண்ணைக் காட்டினேன். அவர் பாலாடைக்கட்டியைக் கவனமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்து மாடிக்குப் போனேன். படுக்கையை விரிக்க ஆள் வருவார்கள் என்று தெரியும். ஆனாலும் வருகிறவர்கள் நாங்கள் படுத்த கோலத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? எந்தத் தங்குமிடத்துக்குப் போனாலும் படுக்கையை நானே சரிசெய்து, துவாயையும் மடித்து வைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். எங்கள் இருவரின் படுக்கையை முடித்துவிட்டு, யன்னலோரம் மகள் படுத்த சின்னக் கட்டிலுக்குப் போனேன். தலையணையைத் தட்டுவதற்காகத் தூக்கினேன்.

சாவி கிடந்தது. விரிப்பில் துருப்படாமல் இருக்க ஒரு கைலேஞ்சியில் சுற்றி, தலைமாட்டு ஓரமாகச் செருகி வைத்திருந்தார்கள். அந்தக் கைலேஞ்சியை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன். என் கணவருடையது.

அவர் கட்டுமானப் பொறியியலாளர். மேம்பாலங்களுக்கு எவ்வளவு இரும்பு போடவேண்டும் என்று கணக்குப் பார்க்கிறவர். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடு என்று எங்கள் ஆட்கள் சொல்வதை அவர் கேலி செய்து நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். த்ரீ கிங்ஸில் மகள் விழுந்த அன்று, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஓடிவந்து, முழங்காலில் விழுந்து, கார்ச்சாவியை அவள் கைக்குள் திணித்தவரும் அவர்தான். அது பிளாஸ்ரிக். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன், கையில் ஒன்றும் கொடுக்க வேண்டாம், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவிடுங்கள் என்று சொல்லி அதை எடுத்துத் தூரப் போட்டான். அன்றைக்குப் பிறகு அந்தக் கார்ச்சாவியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் பண்ணைக்காரம்மாவைச் சந்தேகப்பட்டேன், பாபடோயிட்டோய்ப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன், பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவரை நினைக்கவேயில்லை.

அவர் வாசலில் வந்து நின்றார். என் கையில் இருந்ததைக் கண்டதும் கதவைச் சாத்தினார். அது தானாகத் திரும்பவும் திறந்துகொண்டது.

"சும்மா... ஒரு இரும்பு கிடக்கட்டும் எண்டு" என்றார்.

"கேட்டு வாங்கியிருக்கலாமே."

"என்னெண்டு கேக்கிறது? ஏன் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

அவருடைய காது நுனி சிவந்திருந்தது.

"இஞ்சை தாரும். நான் மெல்லமா ஆணியில கொழுவிப்போட்டு வாறன். ஒருத்தருக்கும் தெரியாது."

"இப்ப நடையில வேலைக்காரப் பிள்ளை நிக்கிறாள். உங்களைக் களவுக்காரன் எண்டுதான் நினைப்பாள்."

"அப்ப கீழ விழுந்து கிடந்தது எண்டு சொல்லும்."

அவருக்குப் பின்னால் மகள் நின்றாள். சவாரிச் சப்பாத்தும் தலைக்கவசமும் போட்டு, கிளம்பத் தயாராக. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. சாவியைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். கோபிப்பாள் என்று பயந்தேன்.

"அப்போ அந்தத் திறப்புக்குத் தெரியும்" என்றாள், சாவியைக் காட்டி, தன்னுடைய உடைந்த தமிழில். "அவவுக்குத் தெரியாது. நைஸ்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சாவியைக் கைலேஞ்சியோடு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். துணிச்சலால் இல்லை. வாசலில் குதிரைக்குச் சேணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் மலைமுகட்டில் இருப்பாள். கூடப் போகும் ஆள் முன்னால் போவார், இவள் பின்னால். பின்னால் கேட்கும் ஒரு சத்தம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சமையலறையில் பண்ணைக்காரம்மா தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தார். பாபடோயிட்டோய்ப் பெண்ணும் அங்கே இருந்தாள், தான் கொண்டுவந்த டீத்தூளில் தேநீர் போட்டுக்கொண்டு. சாவியைக் கண்டதும் பண்ணைக்காரம்மாவின் முகம் விரிந்தது.

"ஆ, எங்கே இருந்தது?"

அந்த இடத்தில் பொய் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். கீழே கிடந்தது என்றால் அவர் நன்றி சொல்லி வாங்கியிருப்பார். அவருக்கு அது கம்பளிக் கொட்டிலின் சாவி, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சமையலறையில் இன்னொருத்தி இருந்தாள். கைலேஞ்சியில் சுற்றிய இரும்புச் சாவியோடு ஒரு தாய் படுக்கையறையிலிருந்து இறங்கி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் விளங்கக்கூடிய ஒரே வெளியாள் அவள்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாருக்குக்கா?" என்றாள். மிக மெதுவாக.

அவளுக்குத் தமிழில் சொன்னேன். "மகளுக்கு." பிறகு பண்ணைக்காரம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், கடைசியாக எப்போது வந்தது, வந்தால் என்ன செய்யவேண்டும். வைத்தியர் எங்களுக்குச் சொல்லித்தந்ததை அப்படியே ஒப்புவித்தேன். சாவியைப் பற்றியும் சொன்னேன். கணவர் எடுத்தார் என்று சொல்ல வரவில்லை. நாங்கள் எடுத்தோம் என்றேன்.

பண்ணைக்காரம்மா சாவியை வாங்கி மேசையில் வைத்தார். அதில் அவருக்கு அக்கறையே இல்லை.

"நான் தொலைபேசியில் கேட்டேன்" என்றார். "நீங்கள் மரக்கறி என்றீர்கள்."

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது.

"நேற்று நான் அவளைத் தெரியாமல் ஏற்றியிருக்கிறேன். புதிதாக ஏறுகிற எந்தச் சிறுபிள்ளைக்குப் பக்கத்திலும் நான் நடப்பேன், அதனால் நடந்தேன். அந்த இரண்டு பேருக்கு நடக்கவில்லை. உங்கள் பிள்ளை பெரியவளாகத் தெரிந்திருந்தால் அவளுக்கும் நடந்திருக்க மாட்டேன்." சத்தம் உயரவில்லை. கை மட்டும் போத்தல் மூடியை விட்டு விட்டுத் திருகியது. கடைசியில், மலைமுகடு இல்லை என்றார். ஆற்றோரத்துத் தட்டைப் பாதை. அவள் குதிரையின் கயிறு தன் கையில் இருக்கும். பெற்றோர் வரக்கூடாது.

"ஏன் நாங்கள் வரக்கூடாது?"

"நீங்கள் பார்த்தால் அவள் உங்களைத்தான் பார்ப்பாள். குதிரையைப் பார்க்க மாட்டாள்."

மகளிடம் சொன்னபோது அவள் முகம் விழுந்தது. குழந்தைகள் போகிற பாதை, கயிறு வேறு, நாய்க்குட்டி மாதிரி என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். நேற்றே சொல்லியிருந்தால் மலைமுகட்டுக்கும் ஒரு வழி பார்த்திருக்கலாம், இப்போது நேரமில்லை என்று பண்ணைக்காரம்மா அவளிடம் நேராகவே சொன்னார். மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். பிறகு ஏறி, பண்ணைக்காரம்மாவின் குதிரைக்குப் பின்னால் போனாள். வாயிலைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. கணவர் கொஞ்சத் தூரம் நடந்துபோய் வேலிக்கதவில் நின்றுகொண்டார். உள்ளே வாங்கோ என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

சமையலறையில் நானும் பாபடோயிட்டோய்ப் பெண்ணும் மட்டும். தேநீர் தந்தாள். சீனி கூடிப்போயிருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கா. சத்தியமா."

இப்படிச் சொல்லுகிறவர்களைத்தான் எனக்குப் பயம். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

"உங்களுக்கு எப்பிடித் திறப்பைக் கண்டோடன விளங்கினது?" என்று கேட்டேன். அவளுடைய குடும்பத்தில் யாருக்காவது இருக்கும், அதைப் பிடித்துவைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சமன் என்று என் மனம் போனது.

"இது யாருக்குத் தெரியாது? எங்க ஊர் பஸ்ல யாராவது விழுந்தா டிரைவர், கண்டக்டர் எல்லாரும் சாவியைத்தானே தேடுவாங்க" என்றாள். "பாப்பா நல்லா ஓட்டுறாக்கா. பயமே இல்ல. எங்க வீட்டுக்காரர் குதிரைய பாத்து சாரின்னு சொல்லிட்டு ஏறினார்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். யன்னலுக்கு வெளியே புல்வெளி மட்டும். மகள் போய் எவ்வளவு நேரம்? நான் மணிக்கூட்டைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"உங்க நம்பர் குடுங்கக்கா. ஆக்லாந்து போய் பேசுறேன்."

கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்கவும் மனமில்லை. கடைசி இலக்கத்தை மாற்றிச் சொன்னேன். இரண்டு நாளில் மறந்துவிடுவாள், அல்லது பிழையாகப் பதிந்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொள்வாள்.

அவள் உடனே அழுத்திக் காதில் வைத்தாள். "ஒரு மிஸ்டு கால் குடுக்குறேன், என் நம்பரும் வந்துரும்."

நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை. நானும் செய்கிறவள்தான். அதை எப்படி மறந்தேன்?

"ரிங் போகுதே. உங்க போன் அடிக்கலையேக்கா?" என் தொலைபேசி மேசையில், எங்கள் இருவருக்கும் நடுவில் சும்மா கிடந்தது. மறுமுனையில் ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில் யார் என்று கேட்டது எனக்கும் கேட்டது. அவள் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. காலையில் சாவி விளங்கியது மாதிரி. முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் எழுந்து போகவில்லை.

"கடைசி நம்பர் என்னக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன். இந்தத் தடவை சரியானதை. அவள் அழுத்தினாள். மேசையில் என் தொலைபேசி அதிர்ந்து ஒலித்த அதே நேரம் வெளியே கணவர் வேலிக்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒலித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு யன்னலுக்கு ஓடினேன். ஆற்றுப் பக்கமிருந்து இரண்டு குதிரைகள் வந்துகொண்டிருந்தன. புல் உயரம், முதலில் குதிரைகளின் தலைகள் மட்டும்தான் தெரிந்தன. நான் யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவை இன்னும் கொஞ்சம் மேட்டுக்கு ஏறிவரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டின் மேலும் ஆள் இருந்தது.